மாடியில் விற்ற சரக்கின் பெயர்

எங்கள் வீட்டில் எனக்கு வாய்க்காரி என்று பெயர். சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது பையன்களை ஒரு பார்வையில் அடக்குகிறவர் என்னிடம் மட்டும் தோற்றுப்போவார். ரேஷன் கடையில் எடை குறைந்தால் சண்டை, சில்லறை தராத கண்டக்டரோடு சண்டை, பூசைக்குப் பிந்தி வந்து முன் பெஞ்சில் உட்காருகிறவர்களைப் பார்த்து முணுமுணுப்பு என்று என் நாள் கழியும். "இவளுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்பாள் அம்மா. அப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் ஒரு மாதம் மென்று முழுங்கினேன்.

அந்தச் சொல் பாடி. பெண்கள் ரவிக்கைக்குள்ளே போடுகிறார்களே, அது. எழுதிவிட்டேன் பாருங்கள், பேனா ஒன்றும் உடைந்துவிடவில்லை. ஆனால் நான் சொல்லும் காலம் எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ. அப்போது அது வாயில் வருகிற சொல் இல்லை.

தி.நகரில், பனகல் பார்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. விற்பனைக்கு நின்றவர்கள் அத்தனை பேரும் அவர் ஊர் ஆண்கள். நான் பில் போட வந்தவள். பி.ஏ. படித்த பாவத்துக்கு, கடிதம் எழுதுவது, போர்டு வாசகம் சொல்லுவது, நோட்டீஸ் அடிப்பது எல்லாம் மெல்ல மெல்ல என் தலையில் விழுந்தன.

அந்தக் கடையில் ஒரு பெண் பாடி வாங்கும் அழகைச் சொல்ல வேண்டும். முதலில் தேவையே இல்லாத ஒரு துண்டை விலை கேட்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் நகரும்வரை அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே இருப்பாள். பிறகு தரையைப் பார்த்து, "அது வேணும்" என்பாள். "எது?" என்பான் விற்கிறவன். அவள் பதில் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்திலேயே அவனுக்குப் புரிந்துவிடும். புரிந்ததோடு நிறுத்தினானா? அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து மனசுக்குள் அளவெடுத்து, பரணைப் பார்த்துக் கத்துவான்: "ஏல, ஒரு பாடி எடுத்துப் போடு! பெரிய சைஸு!" கடையில் இருக்கிற அத்தனை தலையும் திரும்பும். மேலேயிருந்து அட்டைப்பெட்டி தொப்பென்று விழும். ஒருநாள் ஒரு டீச்சரம்மா பெட்டி விழுவதற்கு முன்பே குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடிவிட்டார். மறுநாள் குடைக்குக்கூட வரவில்லை.

நேரே அண்ணாச்சியிடம் போனேன். "மாடி ரூமை எனக்குக் குடுங்க அண்ணாச்சி" என்றேன். அது அப்போது சரக்கு ரூம். அங்கே பெண்களே விற்க வேண்டும், பெண்களே வாங்க வேண்டும், ஆண் ஒருவனும் படி ஏறக் கூடாது, போட்டுப் பார்க்க ஒரு சின்ன அறை தடுத்து, கதவும் போட வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எதைப் போட்டுப் பார்க்க என்பதை மட்டும் சொல்லவில்லை.

"எந்தச் சமாச்சாரத்தைச் சொல்லுத?" என்றார்.

"பொம்பளைங்க சமாச்சாரம் அண்ணாச்சி."

"அந்தச் சமாச்சாரமா?"

"அந்தச் சமாச்சாரம்தான்."

இப்படிச் சமாச்சாரத்திலேயே பேச்சு முடிந்தது. அவர் மேஜையிலிருந்த காலண்டரைப் புரட்டினார். "ஆயுத பூசை வரைக்கும் பாரு. அதுக்குள்ள ஓடுச்சுன்னா ரூம் உனக்கு. ஓடலேன்னா திருப்பித் தந்துரணும். தீவாளிச் சரக்கு இறக்க எனக்கு இடம் வேணும் பாத்துக்க." சரி என்றேன். ஒன்றரை மாதம் இருந்தது. எனக்கென்ன, தோற்றால் மறுபடி பில் போடப் போவேன். ஆனால் நான் ஒருத்தி மட்டும் போதாதே. சைதாப்பேட்டையில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த ஒருத்தியைப் பேசி அழைத்துவந்தேன். கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவாள், அதுவும் பார்க்கிறது தெரியாமல். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனவன், இரண்டு பிள்ளைகள். வந்த முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, நீ கூப்ட்டன்னு இருந்த வேலைய வுட்டுட்டு வந்துக்கீறேன். அந்த டெய்லரு என் எடத்துல வேற ஆளை வச்சுட்டாரு. என்னை நடுத்தெருவுல வுட்றாத, ஆமா" என்றாள். விடமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தேன். ஆயுத பூசைக்குப் பிறகு அவளுக்குச் சோறு உண்டா இல்லையா என்பது இப்போது என் தலையில்.

மாடியைத் தயார் செய்து, சரக்கு அடுக்கி, தாழ்ப்பாளும் போட்டாயிற்று. ஊருக்குச் சொல்ல வேண்டுமே? அண்ணாச்சியே வழி சொன்னார். மயிலாப்பூரில் ஒருவர் இருந்தார். வாரப் பத்திரிகைகளில் நகைச்சுவைத் துணுக்கு எழுதுகிறவர். அதில் வயிறு நிறையாததால் அப்பளக் கம்பெனி, காப்பித்தூள் கடை, பாத்திரக்கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வீட்டிலிருந்தபடியே விளம்பரம் எழுதிக் கொடுப்பார். கல்யாண வாழ்த்து மடலும் உண்டு. "அவரைப் போய்ப் பாரு. தட்டுல பழம் வெத்தலை பாக்கு வச்சுக் குடு. படிச்ச மனுசன்" என்றார் அண்ணாச்சி.

"என்ன எழுதச் சொல்லட்டும் அண்ணாச்சி?"

அண்ணாச்சி மேலே சுழலுகிற விசிறியைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாததையா நாம சொல்லப்போறோம்? நல்லா எழுதச் சொல்லு. மரியாதையா இருக்கணும். அசிங்கமா எதுவும் வரப்படாது. மத்தது உனக்கே தெரியும்லா" என்றார். முதலாளி எனக்குக் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான். அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவர் வீடு. கூடத்தில் சாய்வுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும். கனமான கண்ணாடி, மடிப்புக் கலையாத வேட்டி, காதில் ஒரு பென்சில். தட்டைக் கொடுத்தேன். மகிழ்ந்துபோய், "வாம்மா, உக்காரு. அடியே, காப்பி!" என்றார். உள்ளேயிருந்து மாமி காப்பியோடு வந்து வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"கடையில மாடி திறக்கறேளாமே. என்ன சரக்குன்னு சொன்னா எழுத சௌகரியமா இருக்கும்" என்றார் எழுத்தாளர். நியாயமான கேள்வி. உலகத்தில் எந்த விளம்பரக்காரரும் கேட்கிற முதல் கேள்வி.

நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். "ரெடிமேட்" என்றேன்.

"ரெடிமேட்" என்று எழுதிக்கொண்டார். "என்ன ரெடிமேட்?"

"லேடீஸ்."

அவர் பென்சில் நின்றது. "லேடீஸ்னா, புடவையோ?"

"புடவை இல்ல சார். மகளிருக்கு வேண்டிய... தனிப்பட்ட... தேவைகள்."

அவர் முகத்தில் இரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். என் முகத்தில் ஏறியதை அவர் பார்த்திருப்பார். இருவரும் ஒரே நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தோம். "புரிஞ்சுது, புரிஞ்சுது" என்றார் அவசரமாக. தண்ணீரில் விழுந்தவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி நான் அந்தப் புரிஞ்சுதைப் பிடித்துக்கொண்டேன். "அவ்வளவுதான் சார். மரியாதையா இருக்கணும், அசிங்கமா வரக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னார்" என்று அண்ணாச்சியின் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு எழுந்தேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்கள் மூக்கையும் தொடவில்லை.

மூன்று நாளில் எழுதிக் கொடுத்தார். வரிக்கு வரி இன்னும் மனப்பாடம் எனக்கு:

"மங்கையரே! மனத்தில் உள்ளதை வாய் திறந்து சொல்ல வேண்டாத இடம் ஒன்று உண்டோ? உண்டு! எங்கள் கடை மாடியில்! பெண்ணின் தேவையைப் பெண்ணே அறிவாள். தயக்கம் ஏன்? தனிமை உண்டு! பரிவு உண்டு! கூனிக் குறுகி வந்தோரும் நிமிர்ந்து நடப்பர்! வாரீர்!"

படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு கௌரவமாக எழுதிவிட்டார் மனுஷன், அந்தச் சொல் வரவே இல்லையே என்று உச்சி குளிர்ந்துபோனேன். அண்ணாச்சியும் இரண்டு முறை படித்துவிட்டு, "படிச்சவன் படிச்சவன்தாம்ல" என்றார். ரோஸ் காகிதத்தில் ஐயாயிரம் அடித்து, பஸ் ஸ்டாண்ட், லஸ் முனை, கோயில் வாசல் என்று ஓர் இடம் விடாமல் கொடுத்தோம்.

கூட்டம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முதலில் வந்த அம்மாள் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மகளின் ஜாதகத்தை என் முன்னால் விரித்தாள். "வரன் தட்டிக்கிட்டே போவுதும்மா. நீங்க எதாவது பரிகாரம் சொல்லுங்க" என்றாள். அடுத்து வந்த பாட்டியம்மா எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து நாக்கை நீட்டினார். லேடி டாக்டர் என்று நினைத்துவிட்டாராம். மூன்றாவதாக வந்தவள்தான் எங்களைக் கவிழ்த்தாள். உள்ளே வந்தாள், "வாய் திறந்து சொல்ல வேண்டாம்னு போட்டிருக்கு, ஆனா நான் சொல்லித்தான் ஆவணும்" என்று ஆரம்பித்து, மாமியாரைப் பற்றி இரண்டு மணி நேரம் அழுதாள். சைதாப்பேட்டைக்காரியும் அவளோடு சேர்ந்து அழுதாள். பிறகு வந்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மனசு லேசாச்சுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் பக்கத்துவீட்டுக்காரியையும் அனுப்பிவைத்தாள்.

மூன்று வாரத்தில் விற்றது நாலு உள்பாவாடை. அதில் ஒன்று, ஜாதக அம்மாள் வெறுங்கையோடு போகக் கூசி வாங்கியது. பாடி ஒன்றுகூடப் போகவில்லை. இதற்கு நடுவில் நான் பெசன்ட் நகர் மாதாவுக்கு ஒரு பெரிய மெழுகுவர்த்தி வேறு நேர்ந்துகொண்டேன்.

அண்ணாச்சி தினமும் சாயங்காலம் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து கேட்பார். ஆண்கள் ஏறக் கூடாது என்ற சட்டத்தை அவரும் மீறவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

"ஆளு வருதாவளா பிள்ளே?"

"வர்றாங்க அண்ணாச்சி."

"வாங்குதாவளா?"

"பேசிட்டுப் போறாங்க அண்ணாச்சி."

"பேசுததுக்கா நான் ரூம் குடுத்தேன்?" என்றார் ஒருநாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பதிலுக்குக் கத்தியிருப்பேன். அலுத்துப்போய்ச் சொன்னார். மறுநாள் படி ஓரத்தில் முதல் தீபாவளிக் கட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஆயுத பூசைக்குப் பதினாறு நாள்.

அன்றைக்கு மத்தியானம் சைதாப்பேட்டைக்காரி ரோஸ் நோட்டீஸை மடியில் விரித்து வைத்துக்கொண்டு விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் திருப்பினாள்.

"யக்கா, நானும் எயுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்துட்டேன். மனசு கீது, தனிமை கீது, பரிவு கீது. நாம இன்னா விக்கிறோம்னு எங்கக்கா கீது?"

பிடுங்கிப் பார்த்தேன். இல்லை. சத்தியமாக எங்குமே இல்லை. படித்து, கண்கலங்கி, அச்சுக்கு அனுப்பியது நான்தான். ஆனால் குற்றம் நம்முடையது என்று தெரியும்போதுதான் கோபம் இன்னொருவர் மேல் பொத்துக்கொண்டு வரும். அடுத்த பஸ்ஸில் மயிலாப்பூருக்கு ஏறினேன். அந்தக் கண்டக்டர் பாக்கிச் சில்லறை தராததைக்கூடக் கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டேன். "என்ன சார் எழுதியிருக்கீங்க? என்ன விக்கிறோம்னே இல்லையே இதுல! வர்றவங்க என்கிட்ட நாக்கை நீட்டிக் காட்டறாங்க!"

எழுத்தாளர் பலகையைக் கீழே வைத்தார். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "நீ சொல்லவே இல்லையேம்மா!"

"நீங்கதானே புரிஞ்சுது புரிஞ்சுதுன்னீங்க?"

"புரிஞ்சுதுன்னா, பொதுவாப் புரிஞ்சுது. விவரமா நீ சொல்லணுமோல்லியோ?"

"நீங்க கேக்கணும் இல்ல?"

"ஒரு கல்யாணமாகாத பொண்ணுகிட்ட நான் எப்படிம்மா கேப்பேன்?"

"அப்பா வயசு ஆம்பளைகிட்ட நான் எப்படி சார் சொல்லுவேன்?"

இருவரும் மூச்சு வாங்கினோம். அவர் புதுக் காகிதம் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து, காதிலிருந்த பென்சிலை உருவினார். "சரி. போனது போகட்டும். இப்போ சொல்லு, எழுதிக்கறேன்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவரைப் போல.

நான் வாயைத் திறந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்த வாயைத்தான். திறந்தது திறந்தபடி நின்றது. காற்றுகூட வரவில்லை. சைதாப்பேட்டையில் இரண்டு பிள்ளைகள் காத்திருக்கின்றன, கடையில் கட்டுகள் ஏறுகின்றன, நான் கனவு கண்ட ஊமையாக நிற்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திர அழுகை.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து சத்தம் வந்தது. "ஏன்னா, பாடின்னு எழுதுங்கோ!"

மாமி தேங்காய் துருவிய கையோடு கூடத்துக்கு வந்து நின்றார். "ரெண்டு பேரும் நல்ல கூத்து அடிக்கறேள். நானும் அன்னிக்கே கேட்டுண்டுதான் இருந்தேன், நோட்டீஸையும் படிச்சேன். விரதக் கதையோன்னு நெனைச்சேன். எழுதுங்கோன்னா. பாடி."

எழுத்தாளர் கண்ணைத் திறக்காமலே எழுதினார்.

"அப்புறம் என்னம்மா, உள்பாவாடையா? தைச்ச ரவிக்கையா? எழுதுங்கோ. சைஸ் என்னென்ன இருக்கு?"

"இருபத்தெட்டுலேர்ந்து நாப்பது வரைக்கும் மாமி" என்றேன். மாமியிடம் சொல்ல எனக்கு நாக்கு நன்றாகவே வந்தது.

"எழுதுங்கோ. யார் விக்கறா? பொம்மனாட்டி. பக்கத்துல ஆம்பளை நிப்பானா?"

"படி ஏறவே விடமாட்டோம்."

"எழுதுங்கோ. அளவு தெரியாட்டா?"

"அளவெடுத்துச் சொல்லுவோம் மாமி. போட்டுப் பாத்தே வாங்கலாம். தனி அறை இருக்கு, தாழ்ப்பாள்கூட இருக்கு."

மாமி கையைத் தட்டித் தேங்காய்த் துருவலை உதிர்த்தார். "தாழ்ப்பாள் இருக்கா? உள்பக்கமா? இதை ஏண்டி இத்தனை நாள் சொல்லலை? ஏன்னா, எல்லாத்தையும் அடிச்சுட்டுத் தாழ்ப்பாளை மொத வரியில போடுங்கோ. மனசாவது, பரிவாவது. எனக்குப் பரிவு எதுக்கு? தாழ்ப்பாள் இருந்தா நான் வருவேன்."

பத்து நிமிஷத்தில் முடிந்தது. மாமி சொல்லச் சொல்ல, பத்திரிகைகளில் பெயர் போட்டு எழுதுகிறவர் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். கழுத்தில் வேர்வை வழிந்தது. எழுதியதைப் படித்துப் பார்த்த மாமி, "வாரீர்" என்று அவர் பழக்கத்தில் கடைசியில் போட்டிருந்ததை அடிக்கச் சொன்னார். அதற்குப் பதில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று போடச் சொன்னார். நான் பிறகு எத்தனையோ பேரிடம் விளம்பரம் எழுதி வாங்கியிருக்கிறேன். அப்படி ஒரு குறிப்பை யாரும் யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி படித்தார். முதல் வரி தாண்டியதும் காது சிவந்தது. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இதை அச்சாபீசுல கோக்குதவன் படிப்பானே பிள்ளே?"

"படிக்காம எப்படி அண்ணாச்சி அச்சுக் கோப்பான்?"

"நம்ம கடைப் பேரு வேற கீழ இருக்கே."

"கடைப் பேரு இல்லாம அடிச்சா எங்க வருவாங்க? விக்கிறதுக்கு வெக்கப்படலை, சொல்றதுக்கு மட்டும் வெக்கமா?" என்று பொரிந்துவிட்டேன். வாய் திரும்ப வந்துவிட்டது. அண்ணாச்சி விசிறியைப் பார்த்தார். "சரி, அடி. என் கண்ணுல மட்டும் காட்டாத" என்றார்.

இந்த முறை நோட்டீஸைப் பெண்கள் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்றார். சைதாப்பேட்டைக்காரி தானே கொடுக்கிறேன் என்று கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் நின்று, "யக்கா, இத்த படி! உள்ள தாப்பா கீது, ஆம்பள ஒருத்தன் கெடையாது, போட்டுப் பாத்துக்கினு வாங்கு!" என்று கூவினாள். எட்டிப் பார்த்த ஆண்களை, "உனுக்கு இன்னாத்துக்கு நைனா? போய்க்கினே இரு" என்று விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் மாடிப்படியில் நிற்க இடமில்லை. துண்டை விலை கேட்காமல், தரையைப் பார்க்காமல், நேரே ஏறி வந்தார்கள். கல்லூரிப் பெண்கள், ஆபீஸ்காரிகள், பிள்ளை இடுப்பில் வைத்தவர்கள். சைதாப்பேட்டைக்காரிக்கு மத்தியானம் சாப்பிட நேரமில்லை. பசிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூன்று மணி வாக்கில் மாமி வந்தார். எழுத்தாளரைக் கீழே நிறுத்திவிட்டு வந்திருந்தார். அவர் புடவைப் பிரிவில், குடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார். மாமி முதலில் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளை இரண்டு முறை போட்டு எடுத்துப் பார்த்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"எனக்கு என்ன சைஸ்னு தெரியாதுடி" என்றார். கூடத்தில் கேட்ட குரல் இல்லை அது. "கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆறது. இவர்தான் வாங்கிண்டு வருவார். கடைக்காரன் சைஸ் கேட்டா வாயைத் திறக்க மாட்டார். அவன் எதைக் குடுக்கறானோ அதைப் பொட்டலம் கட்டிண்டு வந்துடுவார். ஒண்ணுகூட எனக்குச் சரியா இருந்ததில்லே."

"மாத்தி வாங்கியாரச் சொல்லலையா மாமி?"

"மாத்தணும்னா அவர் மறுபடி போய்ச் சொல்லணுமே" என்றார்.

அளவெடுத்தேன். அவர் போட்டுக்கொண்டிருந்தது முப்பத்திரண்டு. அவருக்கு வேண்டியது முப்பத்தெட்டு. இரண்டு தோளிலும் பட்டை அழுத்திய இடம் பள்ளமாகிக் கறுத்துப்போயிருந்தது. வெளியே வந்து பெட்டிகளைப் புரட்டினேன். முப்பத்தெட்டு எல்லாம் காலையிலேயே தீர்ந்திருந்தது. அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்தோ வெறி வந்தது. படியின் தலைப்பில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன். "பாடி முப்பத்தெட்டு சைஸு தீந்துபோச்சு! உடனே வேணும்!"

கீழே முழம் போட்டுக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. எழுத்தாளரின் குடை தரையில் விழுந்தது. அண்ணாச்சி எச்சில் விழுங்கியது எனக்கு மாடியிலிருந்தே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார், படியில் நிற்கிற பெண்களைப் பார்த்தார். அதில் ஒருத்திகூடத் தலை குனியவில்லை. அவர் டெலிபோனை எடுத்துச் சுழற்றினார்.

"அலோ, நான்தான் பேசுதேன். எழுதிக்கிடும். பாடி. முப்பத்தெட்டு சைஸு மூணு டஜன், முப்பத்தாறு நாலு டஜன். நாளைக்குக் காலையில கடை திறக்கையில இங்க இருக்கணும். என்ன? கேக்கலையா?" கடை முழுக்க அதிர ஒரு குரல் கொடுத்தார். "பாடி வே, பாடி!" டெலிபோனை வைத்துவிட்டு, நெற்றியைத் துண்டால் துடைத்தபடி, தீபாவளிச் சரக்குக்குப் பக்கத்துத் தெருவில் வேறு இடம் பார்க்கும்படி கணக்கரிடம் சொன்னார். மாடியில் சைதாப்பேட்டைக்காரி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சட்டென்று என் ரவிக்கை நனைந்தது.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக மாமி வந்தார். புதுப் பெட்டியைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. வெகுநேரம் சத்தமே இல்லை. "இன்னாக்கா, மாமி உள்ளயே குந்திக்கிச்சா?" என்று சைதாப்பேட்டைக்காரி கதவில் காதை வைத்தாள்.

கதவு திறந்தது. மாமி புடவைத் தலைப்பைச் சரியாகப் போர்த்திக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். இரண்டு கையையும் மேலே தூக்கினார், இறக்கினார். ஒருமுறை நன்றாக இழுத்து மூச்சு விட்டுப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது.

"இப்படித்தான் இருக்கும்னே எனக்குத் தெரியாதுடி" என்றார்.